இலவசமாகக் கொடுத்தும் ஏன் வரவில்லை?



இந்தப் பதிவு என் பிழை ஒன்றைப் பற்றியது. சென்ற ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் பேசிய ஒரு சொல், பேசி முடித்த நாளிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளி கூலாய் வட்டாரத்தில் இருக்கிறது. மாணவர்களில் ஒரு பகுதியினர் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், மற்றவர்கள் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்தும் வருகின்றனர். ஜொகூரின் பல குடும்பங்களைப் போலவே இங்கும் தாயோ தந்தையோ விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கப் போகும் நேரமாகிவிடும்.

நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் பதினான்கு மாணவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறினார்கள். அவர்களுக்காகச் செவ்வாய், வியாழக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு இலவச வாசிப்பு வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். என் சொந்தப் பணத்தில் நூல்கள் வாங்கினேன், பயிற்சித்தாள்கள் தயாரித்தேன். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தனர். மூன்றாம் வாரம் இருவர் மட்டுமே வந்தனர்.

எனக்குக் கோபம் வந்தது. சங்கக் கூட்டத்தில், "இலவசமாகக் கொடுத்தும் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லையே!" என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுமொழி கூறவில்லை. கூட்டம் முடிந்த பின் ஒரு தாய் மட்டும் தயங்கியபடி அருகில் வந்தார். "டீச்சர், வேன் ஒரு மணிக்கே போயிடும். அவன் வீட்டுக்கு வந்தாத்தான் தங்கச்சியைப் பார்த்துக்க ஆள். பாட்டிக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியல," என்றார். அவர் மகனுக்கு வயது பதினொன்று. அவனைச் சோம்பேறி என்று நான் மனத்துக்குள் எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன்.

நான்காம் ஆண்டு முதல் நாம் கற்பிக்கும் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில், ஒரு பொருளைச் செய்யுமுன் அது யாருக்காக, அவருக்கு என்ன தேவை என்று மாணவர்களைக் கேட்கச் சொல்கிறோம். அதையே விரித்து 'வடிவமைப்புச் சிந்தனை' என்று இன்று சமூகத் தொழில்முனைவோர் பின்பற்றுகின்றனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பரப்பிய முறையில் அதற்கு ஐந்து படிகள் உண்டு: பயனாளரின் நிலையை உணர்தல், சிக்கலை வரையறுத்தல், எண்ணங்களைத் திரட்டல், மாதிரி செய்தல், சோதித்துப் பார்த்தல். மாணவர்களுக்குப் பாடமாக நடத்திய நானோ, என் வகுப்பை முதல் படியில் கால் வைக்காமலேயே வடிவமைத்திருந்தேன்.

அந்தத் தாய் பாட்டியின் கண்ணைப் பற்றிச் சொன்னபோது எனக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நினைவுக்கு வந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976ஆம் ஆண்டில், தம் 58ஆம் வயதில், பதினொரு படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே அறுவைச் சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். பணம் செலுத்தக்கூடிய நோயாளிகளிடம் கிடைக்கும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதே அம்மருத்துவமனையின் ஏற்பாடு.

ஆனால், அவர்களுக்கும் என் அனுபவமே வாய்த்தது. சிற்றூர்களில் முகாம் நடத்திக் கண்புரை உள்ளவர்களைக் கண்டறிந்து, 'அறுவைச் சிகிச்சை இலவசம், வாருங்கள்' என்று அழைத்தபோது, வந்தவர்கள் மிகச் சிலரே. வராதவர்களை அவர்கள் குறை கூறவில்லை; காரணம் கேட்டார்கள். பேருந்துக்கும் உணவுக்கும் காசில்லை, துணைக்கு வர ஆளில்லை, வீட்டை விட்டு வர இயலவில்லை, அறுவை என்றால் அச்சம் என்று விடைகள் வந்தன. சிகிச்சை இலவசமாக இருந்தாலும் சிகிச்சைக்குப் போய்ச் சேர்வது இலவசமாக இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதன்பின் முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். ஓர் ஊரார் கூட்டமாகச் சென்றதால் துணையும் கிடைத்தது, அச்சமும் குறைந்தது. இலவசப் பிரிவில் கட்டிலுக்குப் பதிலாகப் பாய் விரித்தார்கள். வீட்டில் பாயில் உறங்கிப் பழகியவர்களுக்கு அது குறையாகப்படவில்லை. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை இறக்குமதியில் விலை மிகுந்திருந்ததால், 1992இல் 'ஆரோலேப்' என்னும் ஆலையை நிறுவித் தாங்களே குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். வடிவமைப்புச் சிந்தனை என்னும் பெயர் உலகில் பரவுமுன்பே அவர்கள் அதன்படி நடந்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டு நம் பாட்டன்மார் வேலையும் வீடும் இழந்து நின்றனர். அவ்வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மொத்தமாகப் பணம் கட்ட இயலாத பால்மரத் தொழிலாளியும் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரராகலாம் என்பதே அதன் அடிப்படை. அவர்கள் கையில் எவ்வளவு இருக்கும் என்பதை அறிந்தே அத்திட்டம் அமைக்கப்பட்டது.

மீண்டும் என் கதைக்கு வருகிறேன். ஒரு மாத காலம் மாலை வேளைகளில் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்றேன். அறிவுரை எதுவும் கூறாமல் கேட்க மட்டும் செய்வது என்று உறுதி செய்துகொண்டேன். ஆசிரியருக்கு அது எளிதன்று. வேன், மதிய உணவு, தம்பி தங்கைகள் ஆகியவை நான் எதிர்பார்த்த காரணங்கள். எதிர்பாராத ஒன்றை ஒரு சிறுமி சொன்னாள்: "அது மக்கு வகுப்புன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர்."

முதலில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாலை ஐந்து மணிக்கு வகுப்பை நடத்திப் பார்த்தேன். அதுவும் இரண்டே வாரத்தில் கலைந்தது. ஆனால், இம்முறை கோபம் வரவில்லை. மாதிரி சரியில்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விடை வேன் ஓட்டுநரிடம் கிடைத்தது. அவர் காலையில் இரண்டு நடை அடிக்கிறார். முதல் நடையில் வரும் பிள்ளைகள் ஆறரை மணிக்கே சிற்றுண்டிச்சாலையில் தூக்கக் கலக்கத்துடன் அமர்ந்திருக்கின்றனர். என் பதினான்கு பேரில் பெரும்பாலோர் அதில்தான் வருகிறார்கள். நான் பிற்பகலில் தேடிய நேரம் காலையில் என் கண்முன்னே கிடந்திருக்கிறது!

தலைமையாசிரியரின் இசைவுடன் 'விடியல் வட்டம்' தொடங்கினோம். நன்றாகப் படிப்பவர்களும் வரலாம் என்று அறிவித்ததால் 'மக்கு வகுப்பு' என்ற பேச்சு மறைந்தது. சிற்றுண்டிச்சாலை அக்கா ஒரு வழி சொன்னார்: ஆசிரியர்கள் வாங்கும் ஒவ்வொரு நாசி லெமாக் பொட்டலத்துக்கும் முப்பது காசு கூடுதலாகக் கொடுத்தால், பிள்ளைகளுக்கு ரொட்டியும் மைலோவும் தர முடியும் என்றார். அதன்படியே இன்றும் நடக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பதினால்வரில் பத்துப் பேர் ஒழுங்காக வருகின்றனர். ஒருவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். மூவரை இன்னும் எட்ட முடியவில்லை. அந்தப் பதினொரு வயதுப் பையன் சென்ற மாதம் ஒரு முழுப் பக்கத்தைத் தடுமாறித் தடுமாறி வாசித்து முடித்தான். இப்போது பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும் அவன்தானாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், முன்பு சொன்ன சொல்லுக்காக அனைவர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். அந்தத் தாய் அன்று வரவில்லை, வேலை நாள். வீட்டுக்குச் சென்று அவரிடம் நேரில் சொன்னேன். "பரவாயில்ல டீச்சர், வீடு வரைக்கும் வந்தீங்களே," என்று தேநீர் கொடுத்தார்.

ஆசிரியப் பெருமக்களே, நாம் நல்லெண்ணத்தோடு தொடங்கும் திட்டத்துக்கு ஆள் வராதபோது, குறை கூறுமுன் ஒரு வீட்டுக்கேனும் சென்று கேட்போம். பெற்றோர்களே, வர இயலாத காரணத்தைக் கூச்சமின்றி எங்களிடம் சொல்லுங்கள்.