முதல் வரிசை

கர்நாடக சங்கீதம் கற்க வருகிற யாருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: சரளி வரிசை. மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம், ஏறும்போது எட்டு ஸ்வரம், இறங்கும்போது எட்டு ஸ்வரம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதுதான், தலை நரைத்தபின் வயலின் வகுப்பில் சேர்ந்த எனக்கும் அதுதான். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் இந்தப் பாடமுறையை வகுத்தார் என்பது மரபு. அன்றாடப் பழக்கம் ஒன்றை நிலைக்கச் செய்வது எப்படி என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். எனக்கு அது விளங்கியது இந்தப் பாடத்தில்தான்.

சேர்ந்த அன்றே ஆசிரியை சொன்னார்: “தினமும் வாசிக்கணும் சார். வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு மணி நேரம் உக்காந்தா கை பழகாது.”

“தினமும் எவ்வளவு நேரம் டீச்சர்?”

“முதல் வரிசை, மூணு காலம். அதை வாசிச்சதும் எழுந்துக்கணும்னு தோணுச்சுன்னா எழுந்துக்கலாம். தோணலைன்னா அடுத்த வரிசைக்குப் போங்க.”

முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் அதே நடையில் போகும், ஸ்வரங்கள்தான் நெருங்கிக்கொண்டே வரும். மூன்று காலத்தையும் வாசித்து முடிக்க ஓரிரு நிமிடம் போதும். எவ்வளவு அலுப்பான நாளிலும் அந்த ஓரிரு நிமிடத்தை முடியாது என்று சொல்ல மனம் வராது.

நல்ல பழக்கங்களை நாம் பாதியில் விடுவதைவிட, தொடங்காமலே விடுவதுதான் அதிகம். இன்று எதை எடுப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது, இப்போதே உட்காருவதா, சாயங்காலம் பார்த்துக்கொள்வதா என்று மனசுக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அது முடிவதற்குள் போன் அடிக்கும், தண்ணீர் கேன் கொண்டு வருபவர் வாசலில் கூப்பிடுவார், பொழுது ஏறிவிடும். சரளி வரிசையில் அந்தப் பஞ்சாயத்துக்கே இடமில்லை. எதில் தொடங்குவது என்பதை நமக்கு முன்னால் வந்தவர்கள் முடிவு செய்து வைத்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது உட்காருவது மட்டும்.

அதையும் எளிதாக்கிக்கொள்ளலாம். காலையில் காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் நேராகப் பாய்க்குப் போய்விடுவேன். மணி பார்ப்பதில்லை. வீட்டில் காபி ஒரு நாள் ஐந்தரைக்கு, ஒரு நாள் ஆறேகாலுக்கு என்று மாறும். ஆனால் காபிக்குப் பிறகு வயலின் என்ற வரிசை மாறாது. வயலின் பெட்டியும் கூடத்தின் மூலையில், பாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தால் பாதி நாள் எடுத்திருக்க மாட்டேன்.

சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்கால் அருகே ஊன்றி, தம்புரா ஒலியை வைத்துக்கொண்டு தந்திகளைச் சேர்க்க வேண்டும். ஸ, ப, ஸ, ப என்று நான்கு தந்திகள். முதலில் விரல் வைக்காமல் ஸ. பிறகு ஆள்காட்டி விரலில் ரி, நடுவிரலில் க, மோதிர விரலில் ம. அடுத்த தந்திக்குப் போனால் விரல் வைக்காமல் ப. அங்கேயும் அதே விரல்கள், அதே இடங்கள்: த, நி, மேல் ஸ. மாயாமாளவகௌளையின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே அளவான இடைவெளிகளால் ஆனவை. அதனால் ஒரு தந்தியில் பழகியது அடுத்த தந்திக்கும் அப்படியே உதவுகிறது. கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை என்ன வேண்டும்?

எனக்குச் சிக்கல் அந்த இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில்தான் இருந்தது. மூன்றாம் காலத்தில் ம-விலிருந்து ப-வுக்குத் தாவும்போது வில் இரண்டு தந்திகளையும் ஒருசேர உரசி, நடுவில் ஒரு கீறல் சத்தம் கேட்கும். ஆசிரியை மணிக்கட்டைத் தளர்த்தச் சொன்னார். சொன்னது அன்றே புரிந்தது, கைக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின. பிறகு ஒரு காலையில் அந்தச் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தேன். முந்தின நாளும் இருந்ததாக ஞாபகமில்லை. எந்த நாளில் போனது என்று சொல்ல முடியவில்லை. அன்றாட உழைப்பின் பலன் இப்படித்தான் வருகிறது. ‘இன்று என்ன முன்னேற்றம்?’ என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நாளும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கேள்வியை வருஷத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து பரவிய எண் அது. முகத்தோற்றம் மாறிய நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்று அவர் எழுதியதுதான் பிற்பாடு எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2010இல் அச்சானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 66 நாள் ஆகலாம் என்றும், ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 முதல் 254 நாள் வரை விரியும் என்றும் அவர்கள் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பில்லை என்பதையும் கண்டார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். கல்யாண வீடு, காய்ச்சல், ரயில் பயணம் என்று நாள் தவறத்தான் செய்யும். தவறிய மறுநாள் இரண்டு மடங்கு வாசித்து ஈடுகட்டத் தேவையில்லை. அந்தக் கணக்கே அடுத்த நாளைப் பாரமாக்கிவிடும். மறுநாள் காபிக்குப் பிறகு வழக்கம்போல முதல் வரிசை, மூன்று காலம். அவ்வளவுதான்.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. சங்கீத வகுப்பில் கற்ற இந்த ஒழுங்கை மேஜைக்கும் கொண்டு வந்தேன். முன்பெல்லாம் காலையில் கணினியைத் திறந்ததும் மின்னஞ்சல், செய்தி, பிறகு எந்த வேலையை முதலில் எடுப்பது என்ற யோசனை. இப்போது மேஜையிலும் எனக்கு ஒரு சரளி உண்டு. நேற்று முடித்த கடைசிப் பத்தியை வாய்விட்டுப் படிப்பேன், காதுக்கு இடறுகிற சொல்லைத் திருத்துவேன், அடுத்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்ப்பேன். அதோடு நிறுத்தலாம் என்பதுதான் விதி. பெரும்பாலும் நிற்பதில்லை. திருத்துகிற கை தானாகவே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறது. மாத முடிவில் பார்த்தால் முன்பைவிடக் கூடுதலான பக்கங்கள் சேர்கின்றன, கெடு நெருங்கும்போது வருகிற பதற்றமும் குறைந்திருக்கிறது.

படிப்பு, நடை, எழுத்து, கணக்கு எழுதுவது என்று எதைத் தினசரி ஆக்க நினைத்தாலும் அதற்கு ஒரு முதல் வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய மிக மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருக்கட்டும். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு காரியத்துக்கு அடுத்து அதை வையுங்கள். கொஞ்சம் கைகூடியதும் அளவைக் கூட்டிவிடாதீர்கள். உற்சாகம் இருக்கிற நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அதைக் கட்டாயமாக்க வேண்டாம். உற்சாகம் வரும், போகும். அதை நம்பி ஒரு வாழ்நாள் வேலையை ஒப்படைக்க முடியாது. அது இல்லாத நாளிலும் உட்கார ஒரு காரணமும் தொடங்க ஓர் இடமும் இருந்தால், திறமை குறைந்தவர் என்று தன்னை நினைத்துக்கொள்பவரும் வெகுதூரம் போகலாம்.