எட்டு முனைக் கொம்பும் நாற்பது மில்லிமீட்டரும்

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம், மதுரை பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி. பத்து ரவை சுட்டேன். பலூன்கள் அப்படியே இருந்தன. அப்பேர்ப்பட்டவன் 2022 நவம்பரில் பென்சில்வேனியாவில், மான் வேட்டைத் துப்பாக்கிக்கு ஸ்கோப் தேர்ந்தெடுக்கக் கூடப் போனேன் என்றால் ஆபீஸில் ஒருத்தரும் நம்பவில்லை.

ஆலன்டவுனில் என் தங்கை வீடு. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், எழுபத்தோரு வயசு. பனி பெய்தால் இவர்கள் வாசலையும் சேர்த்தே தள்ளிவிடுகிறவர். அவர் கொடுத்த மான் கறியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிட்டதில் மாப்பிள்ளைக்கு அவர்மேல் தனி மரியாதை.

"மச்சான், கடைக்குப் போறோம், வர்றீங்களா? பெரியவருக்கு ஸ்கோப் வாங்கணும்."

"வாங்க மாப்ளே, போகலாம். சும்மாதானே இருக்கேன்."

போனது ஹாம்பர்க்கில் இருக்கிற கபேலாஸ் கடைக்கு. 2003-ல் திறந்தது. கடையா அது? உள்ளே ஒரு செயற்கை மலை, அதன்மேல் பாடம் பண்ணிய மான், கரடி, ஆடு எல்லாம் நம்மை முறைக்கின்றன. பெரிய மீன் தொட்டி வேறு. நம்மூரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டும். இங்கே வெள்ளைவால் மான் மாநில விலங்கு. சமீப வருடங்களில் ஒரு சீசனுக்கு 3 லட்சத்துக்கும் மேல் சுடுகிறார்கள். துப்பாக்கி சீசன் ஆரம்பிக்கிற நாளில் பல பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்ட ஊர் இது. 2018 வரை அது திங்கட்கிழமை, 2019-லிருந்து சனிக்கிழமை. லீவு போச்சே என்று பையன்கள் எவ்வளவு திட்டினார்களோ!

ஸ்கோப் என்றால் துப்பாக்கிக்கு மேலே மாட்டுகிற சின்ன டெலஸ்கோப். கண்ணாடி அலமாரி முழுக்க கறுப்புக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். 3-9x40 என்றால், உருவத்தை மூணு மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிசாக்கும். முன்பக்கக் கண்ணாடி 40 மில்லிமீட்டர். மாப்பிள்ளை சாஃப்ட்வேர்காரர் இல்லையா, பெரிய நம்பரைப் பார்த்ததும் கண் விரிந்தது. 6-24x50 ஒன்றைக் காட்டி, "இதை வாங்குங்க, நிலாவில் கல் தெரியும்" என்றார்.

பெரியவர் சிரிக்கவில்லை. அந்த ஸ்கோப்பை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். "பின் கண்ணாடியில வெளிச்சமா ஒரு பொட்டு தெரியுதா? அது என்ன அளவு?" கடுகு மாதிரி இருந்தது. பிறகு 3-9-ஐ நாலில் வைத்துக் காட்டினார். சட்டைப் பொத்தான் சைஸ்!

கணக்கு ரொம்ப சிம்பிள். முன் கண்ணாடியின் அளவை மடங்கால் வகுக்க வேண்டும். 40-ஐ நாலால் வகுத்தால் 10 மில்லிமீட்டர். 50-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டு சொச்சம். இருட்டில் வாலிபன் கண் பாப்பா ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். பெரியவர் வயசில் ஐந்தைத் தாண்டினாலே பெரிசு. கண்ணுக்குள் போகிற வெளிச்சம் அந்தப் பொட்டளவுதான். மான் வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும். மடங்கைக் கூட்டக் கூட இருட்டு.

"அதோட, எங்க காட்டுல நூறு கஜத்துக்கு மேல எதுவும் தெரியாது. எல்லாம் மரம். இருபத்தி நாலுல பார்த்தா மானோட ரோமம்தான் தெரியும், மான் எங்கேன்னு தெரியாது."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார், மெதுவாக. போன வருஷம் சீசனில் அந்தி நேரம். அப்பா காலத்து ஸ்கோப், உள்ளே ஆவி படிந்திருந்தது. தோள் என்று நினைத்துச் சுட்டார். தோள் இல்லை. ரத்தத் தடத்தைப் பிடித்து டார்ச் அடித்துக்கொண்டு ராத்திரி பூரா தேடி, மறுநாளும் தேடி, ஓடைக்கரையோடு தடம் நின்றுவிட்டது.

"எங்கேயோ படுத்து மெதுவா செத்திருக்கும். வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா துப்பாக்கியைத் தொடறதில்லை."

மாப்பிள்ளை 6-24-ஐ சத்தமில்லாமல் அலமாரியைப் பார்க்கத் தள்ளினார்.

ஆவி படிகிற வியாதிக்கு மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. ஆரெகனைச் சேர்ந்த மார்கஸ் லியூபோல்ட், ஸ்கோப்பில் பனி மூடியதால் ஒரு மானைத் தவறவிட்டு, நானே இதைவிட நல்லதாகச் செய்கிறேன் என்று கிளம்பியதாகச் சொல்வார்கள். 1947-ல் அவர்கள் கம்பெனி, குழாய்க்குள் ஈரக்காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைத்து ஸ்கோப் விட்டது. இன்று நல்ல ஸ்கோப் எதிலும் இந்த ஏற்பாடு உண்டு.

கடை விளக்கில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும், ஜவுளிக்கடையில் எல்லாப் புடவையும் ஜொலிப்பது மாதிரி. பெரியவர் வேண்டுமென்றே சாயங்காலமாக வந்திருந்தார். கடைக்காரர் மூன்று ஸ்கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை கூடவே வந்தார். இருட்டுகிற வரை காத்திருந்து, எதிர் மரத்தின் கிளைகளை மாறி மாறிப் பார்த்தார் பெரியவர். இந்த மாநிலத்தில் பல பகுதிகளில் கொம்பில் ஒரு பக்கம் மூன்று முனையாவது இருந்தால்தான் ஆண் மானைச் சுடலாம். முனை எண்ணத் தெரியணுமே!

நானும் ஆசையாக ஒன்றை வாங்கிக் கண்ணோடு ஒட்டினேன். ஒரே கறுப்பு. "பின்னால போங்க, மூணரை அங்குலம். ஒட்டிப் பார்த்தா, சுடும்போது துப்பாக்கி பின்னால உதைச்சுப் புருவத்துல பிறை போட்டுடும்" என்று தன் புருவத்துத் தழும்பைக் காட்டினார். இன்னொன்றும் சொன்னார். புதரில் ஏதாவது அசைந்தால் ஸ்கோப்பில் பார்த்து, என்னவென்று கண்டுபிடிக்கக் கூடாது. ஸ்கோப் பார்க்கிற பக்கம்தானே குழலும் பார்க்கும்? அங்கே நிற்பது மனுஷனாக இருந்தால்? அதற்குத்தான் கழுத்தில் பைனாகுலர்.

ஒருவழியாக ஒரு 3-9x40. விலை கிட்டத்தட்ட துப்பாக்கி விலை.

மறுவாரம் சுடும் மைதானத்தில் நூறு கஜத்தில் மூன்று தோட்டா. மூன்றும் நெருக்கமாக, ஆனால் நாலு அங்குலம் இடது பக்கம். திருகைத் திருகினால் ஒரு 'கிளிக்'குக்குக் கால் அங்குலம் நகரும். பதினாறு கிளிக். அடுத்த மூன்றும் நடுவே!

சீசன் முதல் நாள் சனிக்கிழமை. ஆரஞ்சுத் தொப்பியும் உடுப்புமாக இருட்டிலேயே போனவர், இருட்டிய பிறகுதான் வந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டோம்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. எட்டு முனை. பெரிய ஆண். அறுபது கஜம். அஞ்சேகாலுக்கு."

சூரியன் மறைந்து அரை மணி வரைதான் சுடலாம். அது எப்போதோ தாண்டிவிட்டது. தோட்டாக்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பைனாகுலரில் அது ஓடையைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"ஸ்கோப்புல தெரிஞ்சிருக்குமா?" என்றார் மாப்பிள்ளை, விடாமல்.

"ஓ, நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி, பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தார் பெரியவர். "திங்கட்கிழமை ஓடைக்கு இந்தப் பக்கமா உட்காரணும்."