தன் பாரம்

கல்வி நிலையத்தைப் பற்றிப் பேசும்போது ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறோம். பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி மிகுதியாகவே பேசுகிறோம். அந்நிலையத்தின் தூணையும் கூரையையும் படிக்கட்டையும் பற்றிப் பேசுவார் அரியர். அவை என்றும் இருப்பவை. ஆகவே என்றும் இருக்கும் என நம்பிவிடுகிறோம். இந்நம்பிக்கை எத்துணை மெலிதானது என்பதைத் தேக்கா வட்டாரம் ஒருநாள் கண்ணாரக் கண்டது.

1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் இடத்தில் நின்ற ஆறு மாடிக் கட்டிடம், ஒரு நிமிடத்துக்குள் இடிந்து குவியலாயிற்று. 'நியூ வோர்ல்டு ஹோட்டல்' என்று நாம் அறிந்திருந்த கட்டிடம் அது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்ட வந்திருந்த அயல்நாட்டு வல்லுநர்கள் இடிபாட்டுக்குள் வழி குடைந்து மீட்புக்குத் துணைநின்றதை இந்நகரம் மறக்கவில்லை.

1971இல் எழுந்த அக்கட்டிடம் ஏன் வீழ்ந்தது? உள்ளே புழங்கும் மாந்தர், பொருள்கள் ஆகியவற்றின் பாரம் கணக்கிடப்பட்டிருந்தது. கட்டிடத்தின் சொந்தப் பாரம் கணக்கில் சேரவில்லை. தன்னையே தாங்க வலுவற்ற தூண்கள் பதினைந்து ஆண்டுகள் பொறுத்து, ஒருநாள் கைவிட்டன. இக்கொடுமைக்குப்பின் 1989இல் வந்த கட்டிடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் வரைந்த கணக்கை அவரைச் சாராத மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதித்தது. குடியிருப்பல்லாத கட்டிடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் கடமையும் பிறந்தது.

சட்டம் தூணைப் பார்க்கும். அன்றாடப் பழக்கத்தை யார் பார்ப்பது? நான் பல்லாண்டு பணியாற்றிய கல்லூரியில் பின்புறப் படிக்கட்டு ஒன்று உண்டு. அதன் கதவு, திருட்டுக்கு அஞ்சிப் பூட்டப்பட்டிருக்கும். படிகளில் உடைந்த நாற்காலிகள் அடுக்கப்பட்டிருக்கும். தீ ஒத்திகைக்கு நாள் குறித்து முன்னதாகவே அறிவிப்பார்கள். மணி அடித்ததும் மாணவர்கள் சிரித்துப் பேசியபடி முன்புறப் படியில் இறங்குவார்கள், தலைகளை எண்ணுவோம், எண்ணிக்கை சரியாக இருக்கும். பின்கதவைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு, "இதுவரை ஒன்றும் நிகழவில்லையே" என்பதே விடையாக வந்தது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்தது. சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி, குறுகிய படிக்கட்டை நம்பியிருந்த 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. அச்செய்தித்தாளை மேலாளரின் மேசைமீது வைத்துவிட்டு வந்தேன். ஒரு சொல்லும் பேசவில்லை. அவ்வாரமே நாற்காலிகள் அகன்றன, பூட்டும் அகன்றது. மகிழ்ச்சி கொள்ள என்னால் இயலவில்லை. கடல் கடந்த ஊரின் குழந்தைகள் தந்த விலையிலன்றோ எங்கள் கதவு திறந்தது!

பாதுகாப்பும் இயற்கையைப் பேணுதலும் வெவ்வேறு துறைகள் எனச் சிலர் கருதுகின்றனர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் 2019இல் திறக்கப்பட்ட வடிவமைப்புத் துறைக் கட்டிடம் ஓராண்டில் செலவிடும் மின்சாரத்தைத் தன் கூரைமேல் விழும் வெயிலிலிருந்தே ஈட்டிக்கொள்ளும் நோக்குடன் அமைந்தது. குளிரூட்டியை மட்டும் நம்பாமல், மிதமான குளிர்காற்றோடு மின்விசிறியையும் சேர்த்து இயக்குகிறார்கள். அகன்ற கூரை நிழல் தருகிறது. காற்று தடையின்றி உலவுகிறது. இது முற்றிலும் புதுமை அன்று. தேக்காவின் பழைய கடைவீடுகளில் அஞ்சடியும் நடுமுற்றமும் இதே பணியைத்தான் செய்தன. மின்சாரம் நின்றாலும் மூச்சு முட்டாத கட்டிடமே இடர்க்காலத்தில் உதவும் கட்டிடம். 2020இல் கொவிட் பரவியபோது, காற்றோட்டத்தின் அருமையை உலகமே உணர்ந்தது.

ஆயினும், திறந்த சாளரம் எல்லா இடருக்கும் மருந்தாகாது. 2013 ஜூனில் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. அத்தகைய நாளில் அதே சாளரத்தை இறுக மூடி, உள்காற்றைத் தூய்மை செய்யவும் வழி வேண்டும். திறக்கவும் மூடவும் தெரிந்த வளாகமே உறுதியான வளாகம். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, யார் முடிவு செய்வது என்பவை முன்னமே வரையறுக்கப்பட வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவரும் முதல் வாரத்திலேயே எல்லாப் படிக்கட்டுகளிலும் ஒருமுறை இறங்கட்டும். ஓர் ஒத்திகையாவது முன்னறிவிப்பின்றி, முன்வாயில் அடைபட்டதாகக் கொண்டு நடக்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவரைக் கீழே கொணர்வோர் யார் என்பது பெயரோடு முடிவாகட்டும். சுவரில் விரிசல் கண்ட துப்புரவுத் தொழிலாளி யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அவர் சொன்னதற்கு விடை கிடைக்கட்டும். ஒரு நிறுவனத்தின் சொந்தப் பாரம் என்பது இத்தகைய சிறு கடமைகளின் தொகையே. அதைக் கணக்கில் சேர்க்காமல் எத்துணை மாடி உயர்த்தினும் பயனில்லை.