நாலு முறை சிமிட்டிய பச்சை விளக்கு

ஆரணியில் தறி ஓடும் தெருக்களில் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. சத்தம் நின்றால்தான் கவனிப்போம். பக்கத்து வீட்டுத் தறி பத்து நிமிஷம் ஓடாவிட்டால், "என்னாச்சு, இழை அறுந்துதா?" என்று வாசலில் இருந்தே யாராவது குரல் கொடுப்பார்கள். 'தறி கெட்டுப்போச்சா' என்று கேட்க மாட்டார்கள். தறி அவ்வளவு சீக்கிரம் கெடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கேயோ ஏதோ ஒன்று நின்றிருக்கும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நமக்கு வருவதில்லை. திரை கறுப்பாக இருந்தால் உடனே 'போச்சு' என்று கைகழுவிவிடுகிறோம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் நின்றது ராஸ்பெர்ரி பை. பெயரைப் பார்த்து ஏதோ தின்பண்டம் என்று நினைக்க வேண்டாம். ஏ.டி.எம். கார்டு அளவில் இருக்கும் ஒற்றைப் பலகை கம்ப்யூட்டர் அது. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுவதோடு நிற்காமல், அதற்கு புரோகிராம் எழுதவும் பழக வேண்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கியது. 2012 பிப்ரவரி 29-ம் தேதி விற்பனைக்கு வந்தபோது விலை 35 டாலர். பெட்டி, கீபோர்டு, திரை, ஹார்டு டிஸ்க் எதுவும் கூட வராது. வீட்டு டிவியை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, விரல் நகம் அளவுக்கு ஒரு எஸ்டி கார்டு. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன், காலேஜ் சீனியர் ஒருவரிடம் இருந்து பழைய 'பை 4' ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வந்திருந்தான்.

அந்த எஸ்டி கார்டுக்குள் என் மாமனாரின் நாற்பது வருஷ உழைப்பு இருந்தது.

அவர் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். பரணில் அவருடைய டிசைன் அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஜக்கார்டு தறியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளைக் கயிற்றால் மாலைபோலக் கோத்து அதில் தொங்கவிட்டிருப்பார்கள். ஊடை ஒரு தரம் போய்வர ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதற்கான கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை. இந்த இரண்டே வார்த்தையில்தான் மயிலும் அன்னமும் மாங்காயும் புடவையில் வந்து உட்காருகின்றன. பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பிற்பாடு சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்குக்கு, எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரின் தாத்தா பரணில் இருந்தது; பேரன் டிவி ஸ்டாண்டில் இருந்தது.

பரண் ஒழுகியதில் அட்டைகள் ஊறிப்போய், போதாக்குறைக்குக் கரையானும் வந்துவிட்டது. எடுத்துப் பிரித்தால் கையோடு உதிர்ந்தது. மகன்தான் மூன்று மாதம் உட்கார்ந்து, அட்டைகளைக் கூடத்தில் வரிசையாகப் பரப்பி, செல்போனில் படம் எடுத்தான். பதினான்கு டிசைன், ஆயிரத்துக்கு மேல் படங்கள். இப்போது எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை வேண்டாம், டிசைன் பென் டிரைவில் வருகிறது. படத்தில் தெரியும் ஓட்டைகளைக் கம்ப்யூட்டரே எண்ணி, அதைப் புது டிசைனாக மாற்றித் தர ஒரு புரோகிராம் எழுதப் போவதாகச் சொன்னான். செல்போனில் இடம் இல்லாமல் படங்களை எல்லாம் பையில் ஏற்றினான். இன்னொரு பிரதி எடுக்க ஹார்டு டிஸ்க் வாங்குவதற்கு நான் சீட்டுப் பணத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு சாயங்காலம் மழையோடு கரன்ட் போனது. பை ஓடிக்கொண்டிருந்தபோதே.

கரன்ட் வந்ததும் டிவியைப் போட்டால் 'நோ சிக்னல்'. வயரை எல்லாம் பிடுங்கி மாட்டினான். அதேதான். செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப்போனான். ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு அவுட்டுப்பா, தூக்கிப் போடு" என்றாராம்.

"செத்துப்போச்சும்மா" என்று வந்து உட்கார்ந்தான். சாப்பிடவில்லை.

மாமனார்தான் கேட்டார்: "எது ஓடுது, எது ஓடல?"

"எதுவுமே ஓடல தாத்தா."

"சிவப்பா ஒண்ணு எரியுதே, அது இன்னா?"

தறியில் பூ பிசகி விழுந்தால் அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் தார் சுற்றிக்கொண்டே பார்த்திருக்கிறேன். பிசகு பாவின் நீளவாக்கில் ஒரே கோடாகப் போனால், அந்த இழையிலோ அதைத் தூக்கும் கொக்கியிலோ கோளாறு. ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அட்டையில் கோளாறு. எதையும் கழற்றுவதற்கு முன், தப்பு எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்ப்பார். "ஓர் இழை அறுந்துச்சுன்னு பாவையே வெட்டுவாங்களா?" என்பார்.

அன்று ராத்திரி தாத்தாவும் பேரனும் அப்படித்தான் பார்த்தார்கள். முதலில் கரன்ட். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பலர் வீட்டில் கிடக்கும் பழைய செல்போன் சார்ஜரை மாட்டிவிட்டு 'ஓடவில்லை' என்பார்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். விட்டுவிட்டு எரிந்தால் அடாப்டரையோ கேபிளையோதான் சந்தேகப்பட வேண்டும். எங்களுடையது அசையாமல் எரிந்தது. கரன்ட் சரி.

அடுத்தது டிவி. பை 4-ல் டிவிக்கான துளை இரண்டு இருக்கும். ஒரு திரைதான் என்றால் கரன்ட் வயருக்குப் பக்கத்தில் இருப்பதில் மாட்ட வேண்டும். அதிலும் தவறில்லை. ஆனால், எங்கள் டிவி கரன்ட் போய்வந்தால் தானாகவே செட்-டாப் பாக்ஸுக்குத் தாவிவிடும் ரகம். ரிமோட்டில் இன்புட்டை மாற்றினான். எஸ்டி கார்டைக் கழற்றிவிட்டுக் கரன்ட் கொடுத்தான். திரையில் வரி வரியாக எழுத்து வந்தது! பை 4-ல் முதல் வேலையைச் செய்யும் புரோகிராம் போர்டில் உள்ள ஒரு சிப்பிலேயே இருக்கிறது. கார்டு இல்லாவிட்டால், 'இல்லை' என்று அதுவே எழுதிக் காட்டும். (பழைய பை 3 வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். அதில் கார்டு இல்லை என்றால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். அது இயல்புதான்.)

போர்டு உயிரோடுதான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்ததும் அந்த நிமிஷம்தான்.

மறுபடி கார்டைச் செருகினான். சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. கார்டைப் படிக்கும்போது அது ஒழுங்கில்லாமல் படபடக்கும். மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிக்குது. மறுபடி நாலு. இது படபடக்கலடா, எண்ணுது."

உண்மையிலேயே எண்ணத்தான் செய்கிறது. எது இல்லை என்பதைப் பச்சை விளக்கு எண்ணிக்கையில் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். நாலு முறை சிமிட்டினால், தொடங்குவதற்கான கோப்பு கார்டில் கிடைக்கவில்லை. ஏழு முறை என்றால் அதற்கு அடுத்த கட்டக் கோப்பான கெர்னல் கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கார்டில் இப்படிச் சில இடங்கள் கெட்டுப்போவது உண்டு. டிவி ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம் என்று இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் வந்ததால்தான் செத்தது போலத் தெரிந்திருக்கிறது.

மறுநாள்தான் பெரிய கண்டம் காத்திருந்தது. நண்பனின் லேப்டாப்பில் கார்டைப் போட்டதும், 'இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்டது. பை எழுதும் கார்டில் இரண்டு பாகம் உண்டு. சின்ன பாகத்தை விண்டோஸ் படிக்கும். படங்கள் இருக்கும் பெரிய பாகம் லினக்ஸ் முறையில் எழுதப்பட்டது. விண்டோஸ் கண்ணுக்கு அது வெறும் தரை. நல்ல கார்டைப் போட்டாலும் அது இப்படித்தான் கேட்கும். கூட இருந்தவர்கள், "சரின்னு கொடுடா, புதுசா ஏத்திக்கலாம்" என்றார்களாம். ஃபார்மேட் செய்து புதிதாக ஏற்றினால் பை ஓடியிருக்கும். மயிலும் அன்னமும் போயிருக்கும்.

என் மகன் 'வேண்டாம்' கொடுத்துவிட்டுக் கார்டைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வரும் வழியில் ஐந்நூறு ரூபாய்க்குள் புதுக் கார்டு ஒன்று வாங்கி, அதில் புதிதாக எல்லாம் ஏற்றிப் பையில் செருகினான். பச்சை விளக்கு படபடவென்று அடித்தது, திரை வந்தது. பிறகு பழைய கார்டை ஒரு கார்டு ரீடரில் வைத்து, பென் டிரைவ்போல அதே பையில் செருகினான். லினக்ஸ் எழுதியதை லினக்ஸ் படித்தது. போல்டர் திறந்ததும் முதல் படமாகக் கூடத்துத் தரையும், ஓரத்தில் என் முறமும் தெரிந்தன. அட்டை காயப்போட்ட அன்று எடுத்தது.

எல்லாம் வந்துவிடவில்லை. இருபத்து மூன்று படங்கள் திறக்கவே இல்லை. கரன்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தவையாக இருக்க வேண்டும். மற்றவை வந்ததும் மகன் செய்த முதல் வேலை, இரண்டு இடத்தில் பிரதி எடுத்தது. பை 4-க்கு ஆன், ஆஃப் சுவிட்ச் கிடையாது. திரையில் 'ஷட் டவுன்' கொடுத்து, பச்சை விளக்கு அடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது பிளக்கைப் பிடுங்குகிறான்.

திறக்காத இருபத்து மூன்றும் ஒரே முந்தானையைச் சேர்ந்தவை. முன்னால் இருக்கும் அட்டையையும் பின்னால் இருக்கும் அட்டையையும் டிவியில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி மாமனார் பார்த்தார். "இது கொடிக்குள்ள கிளி. மூக்கு வளையற இடம்" என்றார். மறுநாள் காலை காபி குடித்ததும், கடைக்குப் போய் கிராஃப் தாள் வாங்கிவரச் சொன்னார். அந்தக் காலத்தில் டிசைனைக் கட்டம் கட்டமாக வரைந்துதானே அட்டையில் ஓட்டை போடுவார்கள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு அட்டைக் கணக்கில் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். கண் கூசும்போது நிறுத்துகிறார். நேற்றோடு பதினாறு முடிந்திருக்கிறது.