மிருதன்: கைதட்டியவர்களும் பிணம் அள்ளுபவர்களும்

2016 பிப்ரவரி 19ஆம் தேதி ‘மிருதன்’ என்ற படம் வெளிவந்தது. சக்தி சௌந்தர்ராஜன் இயக்கிய படம். ஜெயம் ரவியும் லட்சுமி மேனனும் நடித்தார்கள். தமிழின் முதல் ஜாம்பி படம் என்று விளம்பரம் செய்தார்கள். நோய் தொற்றிய மனிதர்கள் மிருகமாகிக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்கள் கடித்தால் கடிபட்டவரும் அப்படியே ஆகிவிடுவார். ஊர் அழியும். துப்பாக்கி வைத்திருக்கும் நாலைந்து பேர் ஒரு வண்டியில் ஏறித் தப்பி ஓடுவார்கள். மேல்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எடுத்து வரும் இந்த வகைப் படம் தமிழுக்கு வந்தபோது, அது நடந்த இடம் சென்னை அல்ல. ஊட்டியும் கோயமுத்தூரும். ‘நம்ம ஊருல பேய் பூந்துருச்சாம்’ என்று எங்கள் வளவுப் பையன்கள் கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறியதற்கு அதுவே காரணம். நானும் போனேன். என் சின்னம்மாவும் வந்தாள்.

படத்தைப் பற்றிய பேச்சு அப்போது எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புதிய முயற்சி என்று பாராட்டியவர்கள் இருந்தார்கள். இங்கிலீஷ் படம் பார்த்தவனுக்கு இது எடுபடாது என்றவர்கள் இருந்தார்கள். இவ்வளவு களேபரத்துக்கு நடுவில் காதல் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வேஷம் சரியா, தர்க்கம் சரியா, காப்பியா சொந்தமா என்பதோடு விவாதம் முடிந்துபோனது. அந்தப் படத்தில் நூற்றுக்கணக்கில் சுடப்பட்டு விழுந்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்வையாளன் யாருடைய கண் வழியாகப் படம் பார்க்கிறான் என்ற கேள்வி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மிருகம், மனிதன் இரண்டையும் சேர்த்து ஆக்கிய பெயர் மிருதன் என்றார்கள். தமிழ் படித்த எனக்கு இன்னொன்றும் காதில் விழுந்தது. மிருதம் என்றால் பிணம். மிருகமாகவும் பிணமாகவும் ஆக்கப்பட்ட பிறகு ஒருவனைக் கொல்வது கொலை ஆகாது. கதையின் நாயகன் ஊட்டியில் போக்குவரத்துப் போலீஸ். நேற்று வரை தான் கைகாட்டி வழிவிட்ட ஜனங்களை இன்றைக்குச் சுடுகிறான். ஒவ்வொரு தலை சிதறும்போதும் தியேட்டரில் விசில். என் பக்கத்தில் இருந்த பையன்களும் கைதட்டினார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கேமரா வண்டிக்குள் இருந்தால் பார்க்கிறவனும் வண்டிக்குள்தான் இருப்பான். வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுகிறவன் எவனோ ஒருவன்.

கதையில் எல்லாக் கேட்டுக்கும் காரணம் சிந்திப்போன ரசாயனக் கழிவு. அதை ஒரு நாய் நக்குகிறது, நாய் மனிதனைக் கடிக்கிறது. இதை நம்ப எங்களுக்குச் சிரமமே இல்லை. எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கீழே நொய்யல் காவிரியில் கலக்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவு அந்த ஆற்றில் வண்ண வண்ணமாக வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியாகிப்போனது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் ஆற்றோரக் காடுகள் உப்பேறிவிட்டன. காடு வைத்திருந்தவர் நட்டக் கணக்குச் சொன்னார். அந்தக் காட்டில் கூலிக்குப் போனவர்களின் கணக்கை எழுத ஆள் இல்லை.

இடைவேளை முடிந்து படம் கோயமுத்தூருக்கு வந்தது. தெருவெல்லாம் பிணம். அப்போது சின்னம்மா என் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்:

“ஏங் கண்ணு, இத்தன பொணத்தையும் ஆரு அள்ளறது?”

முன்வரிசையில் சிரித்துவிட்டார்கள். சின்னம்மா சிரிப்புக்காகக் கேட்கவில்லை. ஒரு நகரத்தில் ஒப்பந்தத்துக்குக் குப்பை அள்ளுகிறவள் அவள். நாய் செத்துக் கிடந்தாலும், அநாதைப் பிணம் கிடந்தாலும், வெள்ளம் வடிந்த தெருவானாலும், ‘கூப்புடு அவங்கள’ என்றால் வர வேண்டியவள். திரையில் தெருவைப் பார்த்தவுடன் அவள் கண் வேலையைத்தான் பார்த்தது. எத்தனை வண்டி, எத்தனை ஆள், எத்தனை நாள் என்று. ‘மிருதன்’ படத்துக்கு நான் கேட்ட விமரிசனங்களில் இதுவே உருப்படியானது. உலகம் அழியும் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. பிழைத்தவன் சாப்பாடு தேடுவான், பெட்ரோல் தேடுவான், காதலியைத் தேடுவான். மறுநாள் காலையில் தெருக் கூட்டுகிறவரை அந்தப் படங்களில் நான் பார்த்ததில்லை. சாக்கடை யாரால் ஓடுகிறது என்று தெரியாதவர்கள் எழுதும் உலக முடிவு இப்படித்தான் இருக்கும்.

ஜாம்பி என்ற கற்பனை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் சின்னம்மாவின் கேள்விக்கு இன்னும் கனம் கூடும். அது ஹெய்தித் தீவில் பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களை பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்து வதைத்தார்கள். அடிமைக்குச் சாவு ஒன்றுதான் விடுதலை. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கிவிடுவார்களோ என்பது அவர்களது அச்சம். அந்த அச்சத்தின் பெயர்தான் ஜாம்பி. அந்த ஜனங்கள் 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை அடைந்தார்கள். 1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவம் ஹெய்தியைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில், 1932இல் ‘ஒயிட் ஜாம்பி’ என்ற படம் வந்தது. அதில் கரும்பாலை ஒன்றில் செத்த மனிதர்கள் இராப்பகலாக உழைக்கிறார்கள். ஒருவன் எந்திரத்துக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பியும் பார்க்காமல் செக்கைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

கொடுமுடிப் பக்கமும் கரும்பும் மஞ்சளும் விளைகிற பூமி. எங்கள் அப்பாரு பண்ணாடி தோட்டத்தில் வருசக் கூலிக்கு ஆளாக இருந்தவர். ஆலை ஓடும் மாதங்களில் இராத்திரி தூக்கம் கிடையாது. ‘செத்தாலும் இந்த ஆல உடாது’ என்று அவர் சொன்னதாக அம்மா சொல்லுவாள். அவருக்கு ஹெய்தி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஜாம்பி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அடிமையின் அச்சமாகப் பிறந்த ஒன்று கைமாறி ஆண்டையின் அச்சமாகிவிட்டது. பண்ணையிலிருந்து எழுந்து வரும் கூட்டத்தைக் கண்டு பங்களாவுக்குள் கதவடைத்துக் கொள்ளும் கதையாகிவிட்டது. 1968 அக்டோபரில் அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ வந்தது. இன்றைய ஜாம்பி படங்களுக்கெல்லாம் அதுதான் தாய்ப்படம். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பு நடிகர் அதில் நாயகன். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடிப் பிழைக்கிறான். விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்காரக் கூட்டம் தூரத்திலிருந்து பார்த்து, அவனையும் பிணம் என்று சுட்டுவிடுகிறது. கொக்கி போட்டு இழுத்து, மற்ற பிணங்களோடு எரிக்கிறார்கள். படம் பிடித்தது 1967இல். நல்ல நடிகர் என்பதற்காகவே அவரைத் தேர்ந்ததாக இயக்குநர் சொன்னார். ஆனால் 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்த ஆண்டின் பார்வையாளர்களுக்கு அந்தக் கடைசிக் காட்சியை வேறெப்படியும் பார்க்க முடியாது. இயக்குநர் நினைக்காத ஒன்றையும் பார்க்கிறவர்கள் படத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். சின்னம்மா செய்ததும் அதுதான்.

‘மிருதன்’ வெளியாகி 23 நாள் கழித்து, மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா வெட்டுக்காயங்களோடு உயிர் தப்பினார். சாதி மாறிக் கல்யாணம் செய்தது குற்றம். கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், கைபேசியில் அனுப்பிக்கொண்டார்கள். சத்தமில்லாத படம். வண்டியில் வந்தவர்கள் வெட்டுகிறார்கள், ஏறிப் போகிறார்கள். சுற்றி நிற்கிற ஜனம் பார்க்கிறது. எந்த நாயும் கடித்து அவர்கள் அப்படி ஆகவில்லை. எந்தக் கழிவும் சிந்தவில்லை. மறுநாள் டீக்கடையில் ஒருவர், ‘ஜெயம் ரவி படமாட்டவே இருக்குது’ என்றார். இன்னொருவர், ‘அந்தப் பையன் எதுக்குங்க அந்தப் புள்ளயப் போய்...’ என்று இழுத்தார். சினிமாவில் மிருதனுக்காக இரக்கப்பட்டவர்கள் அவர்கள். நாயகனே மிருதனாகிவிடும் முடிவில் எனக்கு முன்னால் இருந்தவர் கண்ணைத் துடைத்தார். அந்த இரக்கம் உடுமலைக்கு வரும்போது எங்கே போயிற்று? 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

படத்தில் ஊட்டியிலிருந்து கோயமுத்தூருக்கு வண்டியில் போகிறார்கள். நாம் அந்த வழியில் இறங்கினால் வருவது மேட்டுப்பாளையம். அங்கே நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் ஒன்று வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் செத்தார்கள். எல்லோரும் அருந்ததியர். தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம். வெறும் காம்பவுண்டு என்றார்கள். நியாயம் கேட்டுக் கூடியவர்களைப் போலீஸ் அடித்தது. பூதம் வரும் படங்களில் சுவர் என்றால் பாதுகாப்பு. அது யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறது என்பது சுவருக்கு எந்தப் பக்கம் தூங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

பிறகு 2020 வந்தது. படத்தில் பார்த்ததெல்லாம் நிஜமாகிவிட்டது போலத் தெரு வெறிச்சோடியது. தொட்டால் ஒட்டும் என்று ஊர் முழுக்க ஒதுங்கி நின்றது. ஒதுங்கி நிற்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மார்ச் 22 மாலை வாசலில் நின்று கைதட்டினார்கள். சில இடங்களில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மாலை போட்டுக் காலைக் கழுவினார்கள். ஏப்ரலில் சென்னையில், நோயில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சின்னம்மாவுக்கு அந்த மாதங்களில் லீவு இல்லை. மேஸ்திரி கொடுத்த கையுறை இரண்டே நாளில் கிழிந்தது. பிறகு அவளே காசு போட்டு வாங்கினாள். குப்பையோடு குப்பையாக வந்து விழுந்த முகக்கவசங்களை அந்தக் கையால்தான் பிரித்தெடுத்தாள். தியேட்டரில் அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

‘எல்லாத்துலயும் சாதியப் பாக்கோணுமாக்கா, இது பொழுதுபோக்குத்தானே’ என்று வளவில் கேட்ட தம்பி ஒருவன் உண்டு. கல்லூரியில் படித்தவன். போன வருடம் அம்பேத்கர் படிப்பகத்துச் சுவரில் வேட்டி கட்டி ‘மிருதன்’ படத்தைத் திரையிட்டபோது அவனே வேறொன்று சொன்னான். “அந்தக் கூட்டத்தப் பாத்தீங்களாக்கா? கடிபட்டதுக்கு அப்புறம் மந்திரி, போலீசு, கூலிக்காரன் எல்லாம் ஒண்ணு. சாதியே இல்லீங்க்கா.” சபை கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் சொல்வது உண்மைதான். கலந்துவிடுமோ என்ற பயம்தானே சாதி. தொட்டால் கலப்பு, சாப்பிட்டால் கலப்பு, கல்யாணம் செய்தால் கலப்பு. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் குடித்ததற்காகப் பிறகு சாணியும் மூத்திரமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தவர்களுக்கு, எல்லாரும் ஒன்றாகிப்போன அந்தக் கூட்டத்தைவிட பயங்கரமான உலக முடிவு வேறு இருக்க முடியாது.

ஆனால் சின்னம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “செத்ததுக்கு அப்புறம் ஒண்ணாகி என்ன பண்றது சாமி? உசுரோட இருக்கறப்ப ஒரே டம்ளர்ல குடுத்தாப் போதும்” என்றாள். அவள் பேச்சுக்குப் பையன்கள் கைதட்டினார்கள்.

அன்றைக்கு இரவு ஒரு மணி வரை பேச்சு நடந்தது. வண்டிக்கு வெளியே கேமராவை வைத்தால் கதை எப்படிப் போகும், மறுநாள் காலையில் படம் தொடங்கினால் முதல் காட்சி என்ன என்று இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெண்கள் சொன்னதைத் தம்பி நோட்டில் எழுதினான். முதல் காட்சி சின்னம்மா சொன்னது. விடியற்காலை நாலு மணி. மேஸ்திரி போன் பண்ணுகிறான். நாலு பேர் கிளம்புகிறார்கள். முதலில் கையுறை கேட்கிறார்கள், கொடுக்காமல் வண்டியில் ஏற மாட்டோம் என்கிறார்கள். அதற்கு மேல் இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும்.