வரிந்து கட்டுதல்

அரபு மொழியில் 'ஷம்மர' என்றொரு வினைச்சொல் உண்டு. ஆடையின் நீண்ட பகுதியைக் காலிலிருந்து தூக்கிச் செருகிக்கொண்டான் என்பது அதன் முதற்பொருள். ஒரு செயலில் முழு மூச்சுடன் இறங்கினான் என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். இதனை மாணவர்க்கு விளக்கும்போது நான் அகராதியைப் புரட்டச் சொல்வதில்லை. 'வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினான்' என்று நம் தமிழில் சொல்வதை நினைவூட்டினால் போதும். கடைசி வரிசையில் உறக்கத்தோடு போராடும் பிள்ளைக்கும் விளங்கிவிடும். ஒட்டகம் மேய்த்தவரும் நாற்று நட்டவரும் கலந்து பேசியா இவ்வழக்குகளை அமைத்துக்கொண்டனர்? இரு சாராருக்கும் தைக்காத நீண்ட துணி இருந்தது. இரு சாராருக்கும் வேலையும் இருந்தது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது 'தைல்' என்னும் பெயர்ச்சொல். விலங்கின் வாலுக்கும் ஆடையின் தொங்கும் ஓரத்துக்கும் அதுவே பெயர். (அதனைத் தைலம் என்று கருதிய மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் ஆடைக்கு எண்ணெய் பூசி அனுப்பியதும் உண்டு.) முயற்சி வீணாகித் திரும்புகிறவனை 'ஏமாற்றத்தின் ஓரங்களை இழுத்துக்கொண்டு வருகிறான்' என்று அரபியர் சொல்வர்.

இவ்விரு சொற்களையும் நடத்தும்போது இப்போதெல்லாம் என் நினைவு மோட்டார் சைக்கிளுக்குச் செல்கிறது. அதற்குக் காரணம் எங்கள் மதரஸாவின் மூத்த ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்த விபத்து.

அறுபதைக் கடந்தவர், அரபு இலக்கணம் கற்பிப்பதில் எங்கள் பகுதியில் அவருக்கு நிகரானவரைக் காண்பது அரிது. நீண்ட ஜுப்பாவும் வெள்ளைக் கைலியும் அணிந்து, நூறு சி.சி. வண்டியில் நிதானமாக வருவார். அன்று அஸருக்குச் சற்று முன் மதரஸா வாயிலில் வந்து நின்றார். வேகமாக வரவில்லை, எவர் மீதும் மோதவில்லை, வண்டி முறையாகவே நின்றது. நின்ற வண்டி பிறகு இடப்புறம் சாய்ந்தது. ஊன்றுவதற்கு எழுந்த கால் தரைக்கு வரவில்லை. கைலியின் ஓரத்தைக் கியர் லீவரின் பின்முனை பற்றிக்கொண்டிருந்தது. நூறு கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பு அவருடைய கரண்டைக்காலின் மீது படுத்தது.

எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. சில மாதங்களில் கூடிவிட்டது. பாடம் நடத்தவும் வந்துவிட்டார். ஆனால் அத்தஹிய்யாத் இருப்பில் காலை மடித்து அமர அவரால் இயலவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சஃப்பில் அமர்ந்தவர், இப்போது ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும் அவர் இலக்கணத்தை விடவில்லை. "விழுந்தவன் நானாதலால் ஃபாயில் நான் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். மதிப்பெண் போட்டுவிடாதீர். ஃபாயில் கைலியின் ஓரம், நான் வெறும் மஃப்ஊல்" என்றார். சிரித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது உறைத்தது. சாலையில் வருகின்ற லாரியை நாம் அஞ்சுகிறோம். நம் ஆடையின் ஓரத்தை யார் அஞ்சுகிறார்கள்?

அவருடைய வண்டியைச் செப்பனிட்டவர் எங்களிடம் சில ஆண்டுகள் ஓதிவிட்டுப் பிறகு பட்டறை வைத்துக்கொண்ட தம்பி ஒருவர். நான் சென்று விசாரித்தேன். "வண்டிக்கு ஒண்ணுமில்ல ஹஜ்ரத். லீவர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றவர், ஒரு முக்காலியை வண்டியின் பக்கத்தில் போட்டு, "மேல உக்காந்து பாத்தா தெரியாது. இங்க உக்காந்து பாருங்க" என்றார். கற்பித்தவன் மாணவனாக அமர்ந்தேன். அன்று அரை மணி நேரத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

தரையோடு அமர்ந்து பார்க்கும்போது மோட்டார் சைக்கிளின் கீழ்ப்பகுதி கொக்கிகள் அடித்த சுவரைப் போலத் தோன்றுகிறது. இடப்புறம் ஃபுட்ரெஸ்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னும் பின்னுமாகக் கியர் லீவரின் இரு கைகள். முன்கை பாதத்தின் நுனிக்கு, பின்கை குதிகாலுக்கு. சற்றுப் பின்னால் சைடு ஸ்டாண்டின் முனை. வலப்புறம் பிரேக் மிதி, மடக்கிய கிக்கர், சுடுகின்ற சைலன்சர். இவற்றுள் எதுவும் குறைபாடன்று. கால் எளிதில் தொட வேண்டும் என்றே நீட்டி வைத்திருக்கிறார்கள். காலுக்கு எளிது எனில் காலைச் சுற்றிய துணிக்கும் எளிதுதானே!

ஓடும்போது மாட்டாத துணி நிற்கும்போது ஏன் மாட்டுகிறது என்று கேட்டேன். தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காற்றில் வீசிக் காட்டினார். வண்டி ஓடுகையில் எதிர்க்காற்று ஆடையைப் பின்னோக்கித் தள்ளி வைத்திருக்கிறது. வேகம் குறையக் குறையக் காற்றின் பிடி தளர்கிறது. அதுவரை பறந்த ஓரம் கீழே இறங்கி, எது எதிர்ப்படுகிறதோ அதன்மீது படிகிறது. அதே வேளையில்தான் கால் தன்னிடத்தை விட்டு எழுகிறது. மேலும், ஓடுகின்ற வண்டி தானே நிமிர்ந்து நிற்க முயலும். நின்ற வண்டிக்கு அந்த ஆற்றல் இல்லை. காலும் துணியும் தகராறு செய்வதற்கு ஒரு நொடிகூட அவகாசம் இல்லாத இடத்தில் அவை தகராறு செய்கின்றன.

நம் நாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மழைநீர் வழிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடுகின்றனர். நாம் இடப்புற ஓரத்தில் நிறுத்துகிறோம். எனவே இடக்காலுக்குக் கிடைக்கும் தரை, வண்டி நிற்கும் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்தது. கால் இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். துணியோ இன்னும் கொஞ்சம் இறுகும்.

"காலைக் கீழ விடாதீங்க ஹஜ்ரத், வெளிய விடுங்க" என்றார் தம்பி. அவர் கூறியதன் சாரம் அந்த ஒரு வாக்கியமே. பலர் ஃபுட்ரெஸ்டிலிருந்து காலை நேரே பின்னோக்கிச் சரித்து இறக்குகிறார்கள்; அந்த வழியில்தான் லீவரின் பின்கை காத்திருக்கிறது. அவ்வாறன்றி, முழங்காலைப் பெட்ரோல் டேங்கிலிருந்து விலக்கிப் பாதத்தை முதலில் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும்; துணி விடுபட்டதை உணர்ந்த பின் தரையில், ஃபுட்ரெஸ்டுக்குச் சற்று முன்னால் ஊன்ற வேண்டும். கியரைக் குறைக்கும் வேலையெல்லாம் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். நின்ற பிறகு நியூட்ரலைத் தேடிக் காலை மறுபடி லீவருக்குக் கொண்டுபோவதில்தான் ஓரம் நுழைகிறது. வலக்கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். ஆனால் ஜுப்பாவின் ஓரத்தையும் சேர்த்து மிதித்துக்கொண்டு இருக்கக்கூடாது.

மாட்டிக்கொண்டால்? குனிந்து துணியை விடுவிக்கப் போகக்கூடாதாம். உருளும் வேகம் சிறிதேனும் மிச்சமிருந்தால் பிரேக்கைத் தளர்த்தி, வண்டியை இன்னும் இரண்டு முழம் போகவிட்டு, கைப்பிரேக்கால் நிறுத்தி வலக்காலை ஊன்ற வேண்டும். இதனை ஆளில்லாத மைதானத்தில் நாலைந்து முறை செய்து பழகச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வலக்காலை ஊன்றிக்கொண்டிருந்த என்னைக் கண்டு பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ தெரியாது. எனினும் இப்போது அது கைவந்துவிட்டது. கால்வந்துவிட்டது என்பதே பொருத்தம்.

எல்லா வண்டியும் ஒன்றன்று. 1946இல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியியலில் வந்தவர்; மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். கியரைக் கைப்பிடிக்கு மாற்றி, காலுக்கு முன்னே தகட்டு மறைப்பு வைத்து, நடுவே தளம் அமைத்தார். ஆடை அழுக்காகாமலும் சிக்காமலும் ஏறி இறங்க முடிந்தது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50க்குக் கியரே கிடையாது. வேட்டியும் கைலியும் உடுத்தியவர்கள் அதனை அவ்வளவு விரும்பியதற்கு விலை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. சென்னையில் தயாரான பழைய புல்லட்டுக்கோ கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம். மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். ஆகவே புதிய வண்டியை இரவல் வாங்குகிறவர் சாவியை வாங்கியதும் கீழே குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆடையைக் குறைகூறி, "கால்சட்டை போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1970களில் நம் இளைஞர்கள் தெருக்கூட்டும் பெல்பாட்டம் அணிந்து திரிந்ததை அவர்கள் மறந்திருக்கக்கூடும். அதற்கும் முன்னால், சைக்கிள் காலத்தில், கால்சட்டைக்காரர்கள் சங்கிலிக்கு அஞ்சி வலக்காலில் எஃகு கிளிப் மாட்டிக்கொண்டுதான் அலுவலகம் சென்றனர். ஷூவின் அவிழ்ந்த லேஸ் ஒன்று போதும், எந்த நாகரிக உடையையும் தலைகுப்புற வீழ்த்த.

நம் ஆடைக்கு உரிய சிக்கல் வேறொன்று. கைலியை முழங்கால் தெரிய மடித்துக் கட்டுவது நமக்கு ஒவ்வாது. அதனால் வண்டியிலும் அவிழ்த்துத் தொங்கவிடுகிறோம். உள்ளே ஒரு பைஜாமா அணிந்துகொண்டு, கைலியைக் கெண்டைக்கால் அளவுக்கு உயர்த்திச் செருகினால் இரண்டும் காப்பாற்றப்படுகின்றன. ஆடை கரண்டைக்கு மேல் நிற்கட்டும் என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அது பெருமையைத் தவிர்ப்பதற்காகச் சொல்லப்பட்டது. கியர் லீவருக்கும் உதவுவது கூடுதல் ஆதாயம். பைஜாமாவின் அடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளலாம். ஜுப்பாவின் முன்பகுதியை மடிமீது இழுத்து, பக்கவெட்டின் இரு இதழ்களையும் தொடைக்கடியில் வைத்து அமர வேண்டும். பக்கவெட்டுதான் மிகப் பொல்லாதது. கிக்கர் நுழைவதற்கென்றே திறந்து வைத்த வாசல்.

பின்னால் அமரும் பெண்களுக்குச் சக்கரத்தின் ஆபத்து தனி. 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் இசடோரா டங்கன் என்னும் நடனக்காரியின் நீண்ட பட்டுச் சால்வை கார்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அவர் உயிரைப் போக்கியது. நம் நாட்டின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பும், கைப்பிடியும், கால்வைக்கும் இடமும் இருந்தாக வேண்டும் என்கிறது. பின்னால் அமர்பவரின் உடை சிக்காதிருப்பதற்காகவே அத்தடுப்பு. அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றி எறியும் பிள்ளைகளின் தாய்மார் அதே வண்டியில்தான் புர்காவுடன் அமர்கிறார்கள். ஆனால் அத்தடுப்பு இறங்கும் நேரத்துக்கு உதவாது. ஓரம் ஃபுட்ரெஸ்டில் மாட்டியிருக்க, வண்டி நிற்பதற்குள் இறங்கப் பார்த்தால் இருவரும் சாய்வர். என் வீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அவர் துணியைச் சேர்த்து மடியில் பிடித்துக்கொண்டு 'ம்' என்ற பிறகே நான் கிளட்சை விடுவேன். இரு கால்களையும் ஊன்றி நான் 'ம்' என்ற பிறகே அவர் இறங்குவார். இருபது ஆண்டுகளாக எங்களிடையே மாற்றுக்கருத்து எழாத விஷயம் இது ஒன்றே.

சென்ற மாதம் புதிய ஜுப்பா தைக்கக் கொடுத்தேன். பக்கவெட்டைக் குறைத்து, உட்புறம் இரண்டு அழுத்துப் பொத்தான்கள் வைக்குமாறு கேட்டேன். "எங்க அத்தா சைக்கிள்காரங்களுக்கு இப்படித்தான் வச்சுக் கொடுப்பாங்க ஹஜ்ரத்" என்றார் தையற்காரர். நாடாவை எடுத்து என் தோளிலிருந்து காலுக்கு இறக்கியவர், சற்று யோசித்துச் சுருட்டிக்கொண்டார். "நின்னு எடுத்தா சரியா வராது. வெளிய வாங்க, வண்டியில உக்காந்து காட்டுங்க" என்றார். தெருவில் போவோர் வருவோர் பார்க்க, நிறுத்திய வண்டியின் மீது நான் அமர்ந்திருக்க, அவர் மண்டியிட்டு முழங்காலுக்குக் கீழே சுண்ணக்கோடு போட்டார்.