சாலையோரச் சுவை

ஓர் ஊரின் பெருமையை அதன் கோட்டை கொத்தளங்களில் காண்போர் உளர். நாமோ அதனை அந்திக் கடைகளிலும் காண்கிறோம். சேலம் மாநகரில் நாகரிகம் மிகுந்த பகுதி எதுவென வினவினால், பலரும் ஐந்து ரோட்டையும் அதனை அடுத்த பேர்லேண்ட்ஸையுமே சுட்டுவர். துணிக்கடைகளும் குளிரூட்டப்பட்ட உணவகங்களும் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. வெளியூர் நண்பர்கள் வரும்போது நாமும் அவர்களை அப்பகுதிக்கே அழைத்துச் செல்கிறோம். ஆயினும், ஒளிமிக்க வாயில்களைக் கடந்து ஒரு தள்ளுவண்டியின் முன்னர்தான் நிறுத்துகிறோம்.

அங்கே கிடைப்பது தட்டுவடை செட். மொறுமொறுப்பான சிறு தட்டையின் மேல் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றைப் பரப்பி, மற்றொரு தட்டையால் மூடித் தருவர். பெற்றவுடன் உண்ண வேண்டும். பேச்சில் மூழ்கினால் தட்டை நமுத்துவிடும். தட்டையை நொறுக்கிக் காய்களோடு கலந்தால் அது நொறுக்கல். அவித்த முட்டை சேர்ந்தால் முட்டை செட். நாமக்கல் கோழிப்பண்ணைகள் அருகிருக்க, முட்டைக்கு ஏது பஞ்சம்? குகை, அம்மாப்பேட்டை முதலிய நெசவாளர் பகுதிகளின் தெருமுனைகளிலும் இதே சுவை மாலைதோறும் மணக்கிறது.

உண்டபின் ஊரைக் காணலாம். அஸ்தம்பட்டியைக் கடந்து ஏற்காடு சாலையில் சென்றால், டி.ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. தெற்கே திரும்பினால் கோட்டைப் பகுதி. அங்கே ஜாமிஆ பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் அழகிரிநாதர் கோயிலும் ஒன்றுக்கொன்று அண்டை வீடுகள்போல் விளங்குகின்றன. கோடையில் கடைவீதிப் பக்கம் சென்றால் மல்கோவாவும் இமாம்பசந்தும் மணத்தாலேயே வழிகாட்டும்.

இத்துணை இடங்களுள்ளும் தள்ளுவண்டியை நாம் முதன்மையாகக் கொள்வது ஏன்? பேராசிரியரும் மாணவரும் சுமைதூக்கும் தொழிலாளரும் அங்கே தோளோடு தோள் நின்று உண்கின்றனர். எவர்க்கும் தனி இருக்கை இல்லை.

அண்மையில் ஒரு மாலை, நாம் வழக்கமாக நிற்கும் வண்டியைக் காணவில்லை. புதிதாக எழுந்த கடையொன்றின் முகப்பழகு கெடுகிறதென்று அகற்றச் செய்தனராம். அவ்வண்டியின் வருவாயில்தான் அம்மையார் ஒருவர் தம் மகளைக் கல்லூரியில் படிக்க வைத்திருந்தார். சாலை அழகு பெற்றது. ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்தது.

சாலையோர வணிகரின் வாழ்வுரிமையைக் காக்க 2014-இல் நடுவணரசு தனிச் சட்டமே இயற்றியுள்ளது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த வணிகரையும் அகற்றலாகாது என்பது அதன் விதி. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்களாகவே இருத்தல் வேண்டும்; அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாதல் வேண்டும். இவ்வுரிமைகளை அறியாதார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாய்மூடிப் போகின்றனர்.

மாணவச் செல்வங்களே! நாகரிகப் பகுதியில் உலாவுங்கள், நல்லுணவை நாடுங்கள். அத்துடன், நீங்கள் உண்ணும் வண்டிக்காரரிடம் விற்பனைச் சான்றிதழ் உண்டா எனக் கேளுங்கள். இல்லையெனில் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். கற்ற எழுத்துக்கு அதனினும் நற்பயன் வேறு யாது?